கோர்ட் கட்டிடத்தில் தாழ்வாரம் எங்கே போனது?

வாய்தாவுக்கு வந்த ஒருவர் கோர்ட் ஹாலுக்குள் நிற்பது பெரும்பாலும் ஓரிரு நிமிடம்தான். பெயர் கூப்பிடுவார்கள், உள்ளே போவார், வக்கீல் எழுந்து இரண்டு வரி சொல்வார், அடுத்த தேதி விழும், வெளியே வந்துவிடுவார். அந்த ஓரிரு நிமிடத்துக்காகக் காலை பத்து மணிக்கே வந்து மதியம் வரை அவர் காத்துக் கிடப்பது ஹாலுக்கு வெளியே. ஆனால் ஒரு புதிய நீதிமன்ற வளாகத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஹாலுக்கு அளவு இருக்கும், நீதிபதியின் அறைக்கு அளவு இருக்கும், அலுவலகப் பிரிவுகளுக்கு அளவு இருக்கும். காத்திருப்பவருக்கு எஞ்சிய நடைபாதைதான். தமிழ்நாட்டு ஊர்களின் கோர்ட் கட்டிடங்கள் இருநூறு ஆண்டுகளில் எப்படி மாறின என்று பார்த்தால், ஹால் அதிகம் மாறவில்லை. மாறியது ஹாலைச் சுற்றியிருந்த இடம். பிரச்சினைகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

சென்னை மாகாணத்தில் ஜில்லா கோர்ட்டுகள் 1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களால் வந்தன. வரி வசூலிக்கும் கலெக்டர் ஒருவர், வழக்கு விசாரிக்கும் ஜட்ஜ் வேறொருவர் என்பது அன்றைய ஏற்பாடு. 1816-இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி செய்த சீர்திருத்தம் அதைப் பாதி திருப்பிப் போட்டது. சிவில் வழக்குகளுக்கு ஜில்லா முன்சீப்புகள் என்ற கீழ்நிலை நீதிபதிகள் வந்தார்கள். மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீஸ் பொறுப்பும் கலெக்டரிடம் போயின. நம் ஊர்களின் கட்டிட வரைபடத்தில் இதன் தடம் இன்றும் தெரியும். தாலுகா கச்சேரி எனப்படும் வட்ட அலுவலகம், கருவூலம், கிளைச் சிறை, குற்றவியல் கோர்ட் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும். முன்சீப் கோர்ட் மட்டும் சற்றுத் தள்ளித் தனிக் கட்டிடத்தில் இருக்கும். 1873-ஆம் ஆண்டு சிவில் கோர்ட்டுகள் சட்டம் மாவட்ட நீதிமன்றம், சப் கோர்ட், முன்சீப் கோர்ட் என்ற படிக்கட்டை உறுதியாக்கியது. அந்த அடுக்கு இன்றுவரை நீடிக்கிறது.

மாஜிஸ்திரேட்டுகளை வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கும் வேலை சென்னை மாகாணத்தில் முன்பே தொடங்கியிருந்தாலும், நாடு முழுக்க அதைச் சட்டமாக்கியது 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதிகாரம் ஒரே நாளில் கைமாறிவிடும். கட்டிடம் அப்படி மாறாது. கச்சேரி வளாகத்துக்குள்ளேயே பல ஊர்களில் ஜே.எம். கோர்ட், அதாவது ஜுடிசியல் மாஜிஸ்திரேட் கோர்ட், தொடர்ந்தது. பிறகு குடும்ப நீதிமன்றம், மகளிர் நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்குகள், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சிறப்பு நீதிமன்றம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது இடம் போதாமல் வாடகை வீடுகளில் கோர்ட் நடந்தது. வீட்டின் கூடத்தில் மேடை, படுக்கையறையில் நீதிபதி, சமையலறையில் கேஸ் கட்டுகள். இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதான் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் என்ற இன்றைய அடுக்குமாடி. நீதிமன்றக் கட்டிடங்களுக்கான மத்திய அரசின் நிதித் திட்டம் 1993-94 முதல் இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதம். 2019, 2020-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை போன்ற புதிய மாவட்டங்கள் உருவானதும் இந்தத் தேவை இன்னும் கூடியது.

பழைய முன்சீப் கோர்ட்டின் அமைப்பை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நடுவில் உயரமான ஹால், சுற்றிலும் தாழ்வாரம். சுவர் சுண்ணாம்புக் காரை. கூரை மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்தரங்களை ஏறக்குறைய ஒன்றரை அடி இடைவெளியில் போட்டு, மெல்லிய டெரஸ் செங்கல்லைச் செங்குத்தாகவும் சாய்வாகவும் சுண்ணாம்பில் பதித்து, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டு இடித்து, தட்டோடு பதிப்பது. இந்தக் கூரைகள் கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான். அங்கே ஈரம் தங்கினால் தேக்கும் உளுத்துப் போகும். அதைக் கவனிக்காமல் ஒழுகலை நிறுத்துவதாக மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டால், ஏற்கெனவே பலவீனமான முனையில் கூடுதல் பாரம் ஏறும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேறவும் வழி இருக்காது. பழுது பார்க்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது உத்தர முனையும் மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையும். அரச மரக் கன்று முளைத்திருந்தால் அதை வெட்டிவிடுவது போதாது. வேரோடு எடுத்து அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும்.

தாழ்வாரத்துக்குப் பல வேலைகள் இருந்தன. சுவரில் வெயில் நேராக விழாமல் காத்தது. மழை நாளிலும் ஹாலின் கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்க முடிந்தது. சாட்சிகள், கட்சிக்காரர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது. தாழ்வாரத்தில் உட்கார்ந்தவருக்கு உள்ளே நடப்பது தெரியும் என்பது இவை எல்லாவற்றையும் விட முக்கியம். தன் வழக்குக்கு முன்னால் எத்தனை வழக்கு இருக்கிறது, நீதிபதி இன்று சாட்சி விசாரிக்கிறாரா, வாய்தா போடுகிறாரா என்று பார்த்தே புரிந்துகொள்வார். கோர்ட் சேவகரான டவாலி வாசலில் நின்று மூன்று முறை பெயர் கூப்பிட்டால் கடைசித் தூண் வரை கேட்கும். விசாரணை எவரும் வந்து பார்க்கக்கூடிய திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பது சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 366-ஆம் பிரிவு. பழைய கட்டிடத்தில் அந்தச் சட்டம் திறந்திருக்கும் கதவாகவே கண்ணுக்குத் தெரிந்தது.

புதிய வளாகத்தில் இந்தத் தாழ்வாரம் கட்டிடத்துக்கு நடுவே போய், இரண்டு பக்கமும் ஹால் வாசல்கள் உள்ள நடைபாதையாகச் சுருங்கிவிட்டது. ஒரு மாடியில் நான்கு கோர்ட், நடுவே 40 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமுமான நடைபாதை என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 96 சதுர மீட்டர். காலை பத்தரை மணிக்கு ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் ஐம்பது பேர் நின்றால் மொத்தம் இருநூறு பேர். ஆளுக்கு அரை சதுர மீட்டர்கூட இல்லை. இதில் பெஞ்சு போட்டால் நடக்க வழியில்லை, போடாவிட்டால் முதியவர்கள் தரையில் உட்காருவார்கள். சத்தம் தாங்காமல் ஹால் கதவைச் சாத்துவார்கள். சாத்தியதும் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. பெயர் கூப்பிட்டதைத் தவறவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோரும் கதவருகே நெருக்குவார்கள். இந்த நெருக்கடிக்குக் காரணம் ஜனங்களின் ஒழுங்கீனம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த வரைபடத்தில் வேறு விதமாக நடந்துகொள்ள அவர்களுக்கு வழியே இல்லை.

இப்படி வரைபடம் வருவதற்கு ஒரு கணக்கும் காரணம். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு கோர்ட் கட்டிடங்களை அலுவலகக் கட்டிடங்களின் வகையில் சேர்க்கிறது. அந்த வகைக்கு, தீ விபத்தில் வெளியேறும் வழியைக் கணக்கிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு ஆளுக்கு 10 சதுர மீட்டர். அதன்படி மேலே சொன்ன நடைபாதையில் பத்துப் பேர்தான். கூட்டம் கூடும் மண்டபங்களுக்கோ ஆளுக்கு 1.5 சதுர மீட்டரும் அதற்குக் குறைவும்தான் கணக்கு. காகிதத்தில் கோர்ட் ஓர் அலுவலகம், காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அது ஒரு மண்டபம். ஹாலையும் காத்திருக்கும் இடத்தையும் மண்டபமாகக் கணக்கிட்டு, மற்றதை அலுவலகமாகக் கணக்கிட்டால்தான் படிக்கட்டின் அகலமும் வெளிவாசல்களின் எண்ணிக்கையும் சரியாக வரும். விதி இதைத் தடுப்பதில்லை. வடிவமைப்பவர் கேட்டு வாங்க வேண்டும்.

என்ன செய்யலாம்? ஹால்களை ஒரே பக்கமாக வரிசைப்படுத்துவது முதல் வேலை. கட்டிடத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்தால், தெற்கே மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள திறந்த தாழ்வாரம், நடுவே ஹால், வடக்கே நீதிபதிகளுக்கான நடைபாதை என்று வைக்கலாம். தெற்கு வெயில் உயரத்திலிருந்து விழுவதால் கூரையே அதைத் தடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து அடிப்பதால் தெற்குத் தாழ்வாரம் பெரும்பாலும் நனையாது. ஒவ்வொரு ஹால் வாசலை ஒட்டியும் நடைபாதையிலிருந்து உள்வாங்கிய 35 முதல் 40 சதுர மீட்டர் காத்திருப்பு இடம் வேண்டும். அங்கே வழக்கு எண் காட்டும் பலகை இருக்க வேண்டும். அந்தப் பலகையை ஹாலுக்குள் மாட்டுவது வீண். உள்ளே இருப்பவருக்கு அது தேவையில்லை.

அடுத்தது பாதைகள். கோர்ட் கட்டிடத்தை வடிவமைப்பது என்பது யார் யாரை எங்கே சந்திக்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பது. நீதிபதி வண்டியிலிருந்து இறங்கி அறைக்குப் போய் மேடை ஏறுவது ஒரு பாதை. பொதுமக்களும் வக்கீல்களும் வருவது இன்னொன்று. காவலில் உள்ளவரை வேனிலிருந்து லாக்-அப்புக்கும் அங்கிருந்து ஹாலுக்கும் கூட்டிவருவது மூன்றாவது. இந்த மூன்றும் ஹாலுக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும். பழைய கட்டிடங்களில் மூன்றாவது பாதை கிடையாது. சாட்சி சொல்ல வந்தவரின் முன்னாலேயே எதிரியை, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரை, நடத்திக் கூட்டிப்போவார்கள். வழக்கமாகக் கைவிலங்கு போடக் கூடாது என்று 1980-இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. விலங்கு இல்லாமல் கூட்டத்துக்கு நடுவே கொண்டுவரச் சொன்னால் காவலருக்கு உண்மையிலேயே கஷ்டம்தான். அந்தத் தீர்ப்பை நடைமுறையில் சாத்தியமாக்குவது தனிப் படிக்கட்டு.

வரைபடத்தில் மூன்று பாதையும் இருந்து, பயன்பாட்டில் காணாமல் போவதும் உண்டு. லாக்-அப் தரைத்தளத்தில் இருக்கும், தனி லிஃப்டும் இருக்கும். லிஃப்ட் பழுதானால் ஆறு மாதம் சரிசெய்ய ஆள் வராது. மாற்றுப் படிக்கட்டு இல்லாததால் பொதுப் படிக்கட்டில் கூட்டிவருவார்கள். எனவே காவல் பாதைக்கு லிஃப்டை மட்டும் நம்பக் கூடாது, படிக்கட்டே முதன்மை. நிலுவைக் கட்டுகளைக் கொட்ட இடமில்லாமல் அந்தப் படிக்கட்டின் அடியிலேயே அலமாரி வைப்பதும் நடக்கும். கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவிடும் ரிமாண்ட் நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளைத் தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் வைத்து, சிவில் கோர்ட்டுகளை மேலே வைத்தால் காவல் பாதை குட்டையாகிவிடும். குடும்ப நீதிமன்றம் மட்டும் இந்த விதிக்கு விலக்கு. குழந்தையோடு வருகிறவர்கள் அதிகம் என்பதால் அது தரைத்தளத்தில், தனி வாசலோடு இருக்க வேண்டும்.

இனி ஹால். மேடை பொதுவாக 450 மில்லிமீட்டர், அதாவது 150 மில்லிமீட்டர் உயரத்தில் மூன்று படி. நீதிபதிக்குக் கீழே பெஞ்ச் கிளார்க், பக்கத்தில் டைப்பிஸ்ட், எதிரே வக்கீல்கள் மேசை, ஒரு பக்கம் சாட்சிக் கூண்டு. சக்கர நாற்காலியில் வரும் நீதிபதியோ ஊழியரோ இருந்தால்? சாய்தளத்தின் சரிவு 1:12-க்கு மேல் போகக் கூடாது. 450 மில்லிமீட்டர் உயரத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். எட்டு மீட்டர் அகல ஹாலில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? நீதிபதி அறையின் தரையையும் பின் நடைபாதையையும் மேடை மட்டத்துக்கே உயர்த்திவிட்டு, சாய்தளத்தை நடைபாதையின் முனையில் ஒரு முறை மட்டும் அமைப்பது எளிய வழி. ஒரே சாய்தளம் அந்த மாடியின் எல்லாக் கோர்ட்டுக்கும் போதும். சாட்சிக் கூண்டு 150 மில்லிமீட்டர் உயரம் என்றால் 1.8 மீட்டர் சாய்தளம். அதை ஹாலுக்குள்ளேயே வைத்துவிடலாம். ஆனால் கூண்டின் கதவு 900 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். தச்சர் வழக்கமாகச் செய்கிற ஒன்றே முக்கால் அடிக் கதவில் நாற்காலி நுழையாது.

சாட்சியின் முகம் நீதிபதிக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். சாட்சி சொல்லும் விதத்தைப் பற்றிய தன் கருத்தைப் பதிவு செய்யும் அதிகாரத்தைச் சட்டமே நீதிபதிக்குத் தந்திருக்கிறது. ஆகவே சாட்சியின் முதுகுப் பக்கம் ஜன்னல் கூடாது; வெளிச்சம் கூசி முகம் இருண்டு தெரியும். நீதிபதியின் முதுகுப் பக்கமும் கூடாது. பக்கச் சுவரின் மேற்பகுதியிலிருந்து வரும் வெளிச்சமே நல்லது. எதிரிகளின் கூண்டு ஹாலின் பின்சுவரை ஒட்டி இருப்பது நம் வழக்கம். அங்கே நிற்பவருக்குச் சாட்சி சொல்வது கேட்பதில்லை, தன் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லவும் முடிவதில்லை. அதை வக்கீல் மேசைக்குப் பின்னால் பக்கவாட்டில் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. பழக்கம் ஒன்றுதான் தடை.

கேட்பது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய ஹால்களின் பெரிய குறை இதுதான். 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4.2 மீட்டர் உயரம் உள்ள ஹாலின் கன அளவு சுமார் 403 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 360 சதுர மீட்டர். டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும். எதிரொலி அடங்கும் நேரத்தைக் கணக்கிடும் சபைன் சூத்திரப்படி, ஆளில்லாத அந்த ஹாலில் ஓர் ஒலி அடங்க 6 விநாடி ஆகும். நாற்பது பேர் உள்ளே இருந்தால் உடலும் துணியும் உறிஞ்சுவதால் இரண்டேகால் விநாடியாகக் குறையும். பேச்சு தெளிவாகக் கேட்க ஒரு விநாடிக்குள் இருக்க வேண்டும். கூரை முழுவதும் நூற்றுக்கு 65 பங்கு உறிஞ்சும் கனிமநார்ப் பலகை போட்டால் அதே கூட்டத்தில் முக்கால் விநாடிக்குக் கீழே வந்துவிடும்.

பழைய ஹாலில் பலகை எதுவும் இல்லாமலே கேட்டதே என்று கேட்கலாம். திறந்த கதவு வழியாகப் போன ஒலி திரும்பி வராது. அதாவது திறந்த கதவு ஒலியை முழுவதும் உறிஞ்சுகிறது. நான்கடிக்கு எட்டடி அளவில் ஆறு கதவுகள் திறந்திருந்தால் அது 17 சதுர மீட்டருக்கு மேல். நாற்பது பேர் செய்யும் வேலையை ஆறு கதவுகள் செய்தன. குளிர்சாதனம் வந்து கதவைச் சாத்தியதும் அது போய்விட்டது. மைக் வைத்தால் சரியாகும் என்ற எண்ணம் தவறு. மைக் சத்தத்தைக் கூட்டும். எதிரொலியையும் சேர்த்தே கூட்டும். சாட்சி சொல்வதை நீதிபதி கேட்டு, சொல்லச் சொல்ல டைப் ஆகிற முறையில், ஒரு சொல் தப்பாகக் கேட்டால் அது வாக்குமூலத்தில் ஏறிவிடும். அப்புறம் மேல்முறையீட்டில் அந்தச் சொல்லை வைத்துத்தான் வாதம் நடக்கும். காணொலி விசாரணைக்கும் இதே கதி. காணொலியில் சாட்சியம் பதியலாம் என்று 2003-இல் பிரஃபுல் தேசாய் வழக்கில் உச்சநீதிமன்றம் ஏற்றது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 530-ஆம் பிரிவு மின்னணு முறையை இன்னும் விரிவாக்கியிருக்கிறது. எதிரொலிக்கும் ஹாலில் அந்தத் திரை வெறும் அலங்காரம்.

ரெக்கார்டு ரூமை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அலுவலக அறைக்குத் தளம் தாங்க வேண்டிய பாரமாக இந்தியத் தரநிலை சொல்வது சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 250 கிலோ. கோப்பு வைக்கும் அறைக்கு அது இரு மடங்கு. காரணம் எளிது. நெருக்கி அடுக்கிய கேஸ் கட்டுகள் ஒரு மீட்டர் தட்டில் 45 கிலோ என்று கொண்டால், 90 சென்டிமீட்டர் அகலமும் ஆறு தட்டும் உள்ள இரும்பு ரேக்கில் 240 கிலோவுக்கு மேல் இருக்கும். ரேக்குக்கு முன்னால் ஆள் நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பரப்பினாலே சதுர மீட்டருக்கு 340 கிலோ ஆகிறது. மாடியில் ஓர் அலுவலக அறை காலியானதும் ரேக்குகளை அங்கே ஏற்றிவிடுவது வழக்கம். தளம் உடனே இடிந்துவிடாது. நடுவில் தொய்யும், கீழே பூச்சு விரியும், கீழ் மாடிச் சுவரில் வெடிப்பு தெரியும். அப்போது பெயிண்ட் அடிப்பார்கள். ரெக்கார்டு ரூமுக்குத் தரைத்தளமே சரி, ஆனால் அங்கே வேறு எதிரிகள்: கரையானும் ஈரமும். அடித்தளம் போடும்போதே கரையான் மருந்து, தரை மட்டம் வெளியைவிட 60 சென்டிமீட்டராவது உயரம், ரேக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காலக்கெடு முடிந்த கட்டுகளை அழிக்க 1917-ஆம் ஆண்டுச் சட்டமும் உயர்நீதிமன்ற விதிகளும் வழி தருகின்றன. அழிப்பு வேலை நின்றுபோன கோர்ட்டுக்கு எவ்வளவு பெரிய ரெக்கார்டு ரூம் கட்டினாலும் போதாது.

வழக்குச் சொத்து அறையும் அப்படித்தான். போலீஸ் படிவம் 95-இல் அனுப்பும் அரிவாள், சாராய பாட்டில், கஞ்சாப் பொட்டலம், ரத்தக்கறை படிந்த துணி எல்லாம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குத்தான் வரும். நாற்றம் வெளியேற இழுவிசிறியும், இரும்புக் கதவும், கூரைத் தீ உணர்கருவியும் இல்லாத அறையில் அவற்றைப் பூட்டி வைப்பது ஆபத்து. இந்த அறை ரெக்கார்டு ரூமுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

பாலியல் குற்ற வழக்குகளில் சாட்சி சொல்லும் குழந்தை குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக் கூடாது என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 36-ஆம் பிரிவு. ஹாலில் திரை கட்டினால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். குழந்தை எதிரியைப் பார்ப்பது பெரும்பாலும் ஹாலில் அல்ல. நுழைவாயிலில், படிக்கட்டில், கழிவறை வாசலில். இது நான் முன்னால் சொன்ன பாதைப் பிரச்சினையேதான். எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி மையங்கள் வேண்டும் என்று 2017-இலும், பிறகு இன்னும் விரிவாக 2022-இலும் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட மையம் பயன்பட வேண்டுமானால் தெருவிலிருந்தே தனி வாசல், வாசலிலிருந்து நேராகக் காத்திருப்பு அறை, உள்ளேயே கழிவறை, ஹாலோடு காணொலி இணைப்பு வேண்டும். முதல் மாடியின் கோடியில் பொம்மைகளும் வண்ணச் சுவரும் உள்ள ஓர் அறையைத் திறந்துவைத்து, அதற்குப் போகப் பொதுப் படிக்கட்டையே விட்டால், அந்தச் செலவெல்லாம் குழந்தை அறைக்குள் நுழைவதற்கு முன்பே வீணாகிவிடுகிறது.

கழிவறை பற்றி உச்சநீதிமன்றமே பேச வேண்டியிருந்தது. ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் எல்லோருக்கும் தனித்தனிக் கழிவறை எல்லா நீதிமன்றங்களிலும் வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரஜீப் கலிதா வழக்கில் தீர்ப்பு வந்தது. கட்டுவது ஒரு பாதி. தண்ணீர்த் தொட்டியின் அளவை ஊழியர் எண்ணிக்கையை வைத்துப் போட்டால், கூட்டம் வரும் திங்கட்கிழமை பதினோரு மணிக்கே தண்ணீர் தீர்ந்துவிடும். இதிலும் அலுவலகமா மண்டபமா என்ற அதே கணக்குத்தான்.

பெரிய கட்டிடக் கலைஞர்கள்கூட தாழ்வாரத்தைத் தவிர்க்க முடியவில்லை என்பதற்குச் சண்டிகர் உயர்நீதிமன்றம் சாட்சி. லெ கொர்பூசியே வடிவமைத்து 1950-களில் எழுந்த அந்தக் கான்கிரீட் கட்டிடம் 2016-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. எதிரொலியைக் குறைக்க ஹால் சுவர்களில் அவரே வரைந்த பெரிய கம்பளித் திரைச்சீலைகளைத் தொங்கவிட்டார்கள். வெயிலும் மழையும் படாமல் நிற்க இடமில்லை என்று பல ஹால்களுக்கு முன்னால் பிற்பாடு தாழ்வாரம் சேர்த்தார்கள். முதலாம் எண் ஹாலுக்கு முன் மட்டும் அது இல்லை. அங்கேயும் கட்டச் சொன்ன உயர்நீதிமன்றத்தின் உத்தரவை எதிர்த்து நகர நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. சென்னையிலோ 1892-இல் திறந்த உயர்நீதிமன்றக் கட்டிடத்தை முடித்த ஹென்றி இர்வின் நீண்ட வளைவுத் தாழ்வாரங்களைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டார். இந்தோ-சாரசெனிக் கோபுரங்களைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அந்தக் கட்டிடம் இன்றும் நெரிசலைத் தாங்குவதற்குத் தாழ்வாரங்களே காரணம் என்பது என் எண்ணம்.

ஏற்கெனவே கட்டிவிட்ட வளாகங்களை இடிக்க வேண்டியதில்லை. தெற்கிலோ மேற்கிலோ சுவரை ஒட்டி மூன்று மீட்டர் அகலத்தில் இரும்புத் தூண், இலேசான கூரை போட்ட தாழ்வாரத்தைத் தரைத்தளத்தில் சேர்க்கலாம். அடித்தளம் தனியாக இருக்க வேண்டும். பழைய சுவரோடு இறுக்கிக் கட்டினால் புதிய பகுதி அமிழும்போது இணைப்பில் வெடிக்கும், கரிசல் மண்ணில் இது நிச்சயம். ஹால் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகையை விசிறிக் கொக்கிகளுக்கு இடம்விட்டுப் பொருத்தலாம். கதவில் கண் மட்டத்தில் கண்ணாடி வைத்தால் சாத்திய பிறகும் உள்ளே தெரியும். வேலையை மே மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சிவில் கோர்ட்டுகளுக்கு அப்போது கோடை விடுமுறை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் விடுமுறையிலும் நடக்கும் என்பதால், காலியாக இருக்கும் சிவில் ஹால்களை முதல் இரண்டு வாரத்தில் முடித்து, மாஜிஸ்திரேட்டுகளை அங்கே தற்காலிகமாக மாற்றிவிட்டு, அவர்களுடைய ஹால்களை அடுத்த இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டும். எந்தக் கோர்ட் எந்த அறையில் என்பதைச் சம்மன் போகும் முன்பே வாசல் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.